பேக்கர் தெருவிலிருந்து தப்ப முடியாத மருத்துவர்

2010ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி இரவு, பிபிசி தொலைக்காட்சியில் ‘ஷெர்லாக்’ தொடரின் முதல் பாகம் ஒளியேறியது. ஆப்கானிஸ்தான் போர்முனையில் காயமடைந்து லண்டன் திரும்பிய இராணுவ மருத்துவர் ஒருவர், கையில் அதிகப் பணமில்லாமல், தங்குவதற்கு இடம் தேடுகிறார். தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மோஃபட்டும் மார்க் கேட்டிஸும் இந்தத் தொடக்கத்தைப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. 1887இல் வெளிவந்த மூலக்கதையிலேயே டாக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தானில்தான் சுடப்பட்டார். 1880இல் மைவாண்ட் என்ற இடத்தில் நடந்த சண்டை அது. 130 ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் பிரிட்டிஷ் வீரர்கள் மறுபடியும் காயமடைந்துகொண்டிருந்தார்கள். கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவர முடியும் என்ற துணிச்சலை அந்த இருவருக்கும் தந்ததே இந்த ஒற்றுமைதான்.

பெனடிக்ட் கம்பர்பேட்சின் நீண்ட கோட்டும் கலைந்த தலைமுடியும் நம் இளையர் பலருக்குத் தெரியும். அந்தக் கதாபாத்திரத்தை முதலில் காகிதத்தில் உருவாக்கிய மனிதரைப் பலருக்குத் தெரியாது. அவரும் ஒரு மருத்துவர். தாம் படைத்த துப்பறிவாளரிடமிருந்து தப்பிக்க அவர் பல ஆண்டுகள் முயன்றார். கொலைகூடச் செய்து பார்த்தார்.

ஆர்தர் கோனன் டாயில் 1859 மே 22ஆம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். அழகாகப் படம் வரைவார். ஆனால், குடி அவரை மெல்ல மெல்ல விழுங்கியது. வேலை போனது. பிற்காலம் மனநலக் காப்பகங்களிலேயே கழிந்தது. வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் தாயார் மேரி. பிள்ளைகளில் ஏழு பேர் பிழைத்து வளர்ந்தார்கள். வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்துக் குடும்பம் நடத்த வேண்டிய நிலை. அதற்கிடையிலும் அந்த அம்மையார் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தவறவில்லை. விறுவிறுப்பான கட்டம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கதை சொல்லும் தாயின் திறமை, தமக்கு வாய்த்த பெரிய சொத்து என்று டாயில் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஒன்பது வயதில் இயேசு சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1876இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். அங்கேதான் ஜோசஃப் பெல் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார்.

பெல் வகுப்பெடுத்த விதமே தனி. நோயாளி உள்ளே நுழைந்து வாய் திறப்பதற்கு முன்பே, அவர் என்ன வேலை செய்கிறார், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை வந்த நோயாளி இராணுவத்தில் கீழ்நிலை அதிகாரியாக இருந்தவர், அண்மையில்தான் விடுவிக்கப்பட்டவர், பார்படோஸ் தீவில் பணியாற்றியவர் என்று பெல் அடுக்கினார். மாணவர்கள் திகைத்தனர். பிறகு விளக்கம் வந்தது. அந்த மனிதர் மரியாதை தெரிந்தவர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. இராணுவத்தில் அதுதான் வழக்கம். வெளியே வந்து அதிக நாளாகியிருந்தால் பொதுமக்களின் பழக்கத்துக்கு மாறியிருப்பார். நடையில் அதிகாரம் தெரிகிறது. அவருக்கு இருந்ததோ யானைக்கால் நோய். அது மேற்கிந்தியத் தீவுகளில் காணப்படுவது. விளக்கிய பிறகு எல்லாமே எளிமையாகத் தெரிந்தது. விளக்குவதற்கு முன் மந்திரமாகத் தெரிந்தது. வெளிநோயாளிப் பிரிவில் பெல்லின் எழுத்தராக இருந்த டாயில், இந்த இரண்டு கணங்களுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கவனித்துக்கொண்டார். ஹோம்ஸ் கதைகளின் சுவை முழுவதும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

2010 தொடரில் ஷெர்லாக் வாட்சனை முதன்முதலாகச் சந்திக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது, மணிக்கட்டுக்கு மேல் கறுக்கவில்லை. நிற்கும் தோரணையிலும் முடிவெட்டிலும் இராணுவம் தெரிகிறது. எனவே ஆப்கானிஸ்தான் அல்லது ஈராக். இது பெல்லின் வகுப்பறைதான். தொப்பிக்குப் பதில் மணிக்கட்டு.

படிக்கும்போதே பணத் தேவை நெருக்கியது. 1880இல், இருபது வயதில், ‘ஹோப்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் மருத்துவராக ஏறி ஆர்க்டிக் கடலுக்குப் போனார். பனிக்கட்டிகளின் மேல் நடந்து அடிக்கடி கடலில் விழுந்ததால், முக்குளிக்கும் வடகடல் பறவை ஒன்றின் பெயரை அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினார் கப்பல் தலைவர். அடுத்த ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இன்னொரு கப்பல் பயணம். 1882இல், 10 பவுண்டுக்கும் குறைவான பணத்துடன் போர்ட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியில் சொந்தமாக மருந்தகம் திறந்தார். நோயாளிகள் மிக மெதுவாகத்தான் வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கதை எழுதினார். 1885இல் லூயிசா ஹாக்கின்ஸைத் திருமணம் செய்தார். அவர் டாயிலின் நோயாளி ஒருவரின் சகோதரி.

1886இல் ஒரு துப்பறியும் நாவலை எழுதினார். பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு நிறுவனம் 25 பவுண்டு கொடுத்தது. ஒரே நிபந்தனை: எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே. டாயில் ராயல்டி கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். இப்படித்தான் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லட்’ 1887ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மலர் ஒன்றில் வெளிவந்தது. அந்த நூலுக்காக அவருக்குக் கிடைத்தது அந்த 25 பவுண்டு மட்டுமே.

தொடரின் முதல் பாகத்துக்கு ‘எ ஸ்டடி இன் பிங்க்’ என்று பெயர். மூலத்தைப் படித்தவர்களுக்கு இது இரட்டை விருந்து. இரண்டிலும் கொலைகாரன் வண்டி ஓட்டுபவன். அன்று குதிரை வண்டி, இன்று லண்டனின் கறுப்பு டாக்சி. இரண்டிலும் இரண்டு மாத்திரைகள். ஒன்றில் விஷம், மற்றொன்றில் இல்லை. இரண்டிலும் கொலைகாரனுக்கு எந்த நேரமும் வெடிக்கக்கூடிய இரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறது. சுவரில் எழுதப்பட்டிருந்த ‘ராஹே’ என்ற சொல்லை மூலத்தில் காவல்துறையினர் ‘ரேச்சல்’ என்ற பெயரின் முற்றுப்பெறாத வடிவம் என்று நினைப்பார்கள். ஹோம்ஸ் அதைப் பழிவாங்கலைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் என்பார். தொடரில் இது தலைகீழ். ஜெர்மன் என்று சொல்பவர் தடயவியல் நிபுணர். ஷெர்லாக் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு ‘ரேச்சல்’தான் என்கிறார். மூலத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இப்படி விளையாட வரும்.

இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிடப் பிடித்தது. 1890இல் வெளிவந்த இரண்டாவது நாவலில், வாட்சன் நீட்டும் பழைய கடிகாரத்தை (அன்று சட்டைப்பையில் வைப்பது) பார்த்து, அதன் முன்னாள் உரிமையாளரான அண்ணனின் வாழ்க்கையையே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சாவி துளையைச் சுற்றிக் கீறல்கள்: இரவில் சாவி கொடுக்கும் கை நடுங்கியிருக்கிறது, எனவே குடிகாரர். 2010இல் கடிகாரம் கைத்தொலைபேசியாகிறது. மின்னேற்றும் துளையைச் சுற்றி அதே கீறல்கள், அதே முடிவு. ஒரேயொரு பிழை: ஷெர்லாக் அண்ணன் என்று நினைத்த ஹேரி, உண்மையில் சகோதரி. பொருள் மாறியது, நடுங்கும் கை மாறவில்லை. குடிகாரரின் நடுங்கும் கை எப்படி இருக்கும் என்பதை அறிய டாயில் எந்தப் புத்தகத்தையும் புரட்டியிருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். அதைப் பார்த்துத்தான் அவர் வளர்ந்தார்.

1891இல் கண் மருத்துவராக வேண்டும் என்று வியன்னா போய்விட்டு வந்து லண்டனில் மருந்தகம் திறந்தார். ஒரு நோயாளிகூட வாசல்படியைத் தாண்டி வரவில்லை என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வெற்று நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. மாத இதழ்களில் தொடர்கதை வெளியாகிறது. ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் அத்தோடு கதையை விட்டுவிடுகிறார். அதற்குப் பதில், அதே கதாநாயகன் ஒவ்வொரு மாதமும் வரட்டும், ஆனால் ஒவ்வொரு கதையும் அந்த இதழிலேயே முடிந்துவிடட்டும். தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றின் இலக்கணம் இதுதான். தொலைக்காட்சி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருந்தகத்தின் காலி அறையில் அது உருவாகிவிட்டது.

‘தி ஸ்ட்ராண்ட்’ இதழில் 1891 ஜூலையில் முதல் சிறுகதை வந்தது. சில மாதங்களில் ஹோம்ஸ் நாடறிந்த பெயரானார். டாயில் மருத்துவத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார். ஆனால், அவர் மனம் வரலாற்று நாவல்களில் இருந்தது. தம் பெயர் அவற்றால்தான் நிற்க வேண்டும் என்று விரும்பினார். ஹோம்ஸ் அவருக்கு இடைஞ்சலாகத் தெரிந்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே, ஹோம்ஸைக் கொன்றுவிடப் போவதாகத் தாயாருக்குக் கடிதம் எழுதினார். தாயார் ஒப்புக்கொள்ளவில்லை, புதிய கதைக்கு ஒரு கருவையும் கொடுத்தார். ஹோம்ஸ் பிழைத்தார். இதழ் மேலும் கதைகள் கேட்டது. மறுத்துவிடுவார்கள் என்று எண்ணி, 12 கதைகளுக்கு 1,000 பவுண்டு கேட்டார் டாயில். அவர்கள் உடனே சம்மதித்துவிட்டார்கள்.

1893 அவர் வாழ்வின் கறுப்பு ஆண்டு. மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது. அக்டோபரில் தந்தை காப்பகத்தில் இறந்தார். டிசம்பர் இதழில் சுவிட்சர்லாந்தின் ரைசன்பாக் அருவியில் ஹோம்ஸும் பேராசிரியர் மோரியார்ட்டியும் விழுந்து மறைந்தார்கள். 20,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இதழை நிறுத்திவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். மனைவியைக் காப்பாற்ற மலைநாட்டுக் காற்றைத் தேடி அலைந்துகொண்டிருந்த மனிதருக்கு, கற்பனை மனிதன் ஒருவனுக்காக நாடே துக்கம் காத்தது எப்படி இருந்திருக்கும்?

2012இல் தொடரும் தன் நாயகனை விழ வைத்தது. அருவி இல்லை, லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் கூரை. அந்த இடத் தேர்வு தற்செயல் அல்ல. 1887இல் ஹோம்ஸும் வாட்சனும் முதன்முதலாகச் சந்தித்தது அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான்.

ஹோம்ஸ் இல்லாத எட்டு ஆண்டுகளில் டாயில் சும்மா இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் போவர் போரில், புளூம்ஃபோன்டெய்னில் இருந்த மருத்துவமனையில் பணியாற்றினார். 1902இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. இடையில் அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் ஹோம்ஸை மேடையேற்ற விரும்பி, அவருக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தியடித்துக் கேட்டார். கல்யாணமோ கொலையோ, விருப்பப்படி செய்துகொள்ளலாம் என்று டாயில் பதில் அனுப்பினார். வளைந்த புகைக்குழாய் ஹோம்ஸின் அடையாளமானதற்கு அந்த நாடகம் முக்கியக் காரணம். ஆக, பாத்திரத்தை மாற்றியமைக்க முதல் உரிமத்தை வழங்கியவர் படைத்தவரே. அன்று அவருக்கு அதில் அக்கறையே இல்லை.

1901இல் ‘பாஸ்கர்வில்ஸ்’ வேட்டைநாய்க் கதை வந்தது. அது ஹோம்ஸின் மரணத்துக்கு முன் நடந்த கதை என்று சமாளித்தார். 1903இல் பெரும் தொகைக்கு இணங்கி, ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அருவியில் விழவே இல்லையாம்! அதன்பின் 1927 வரை விட்டுவிட்டு எழுதினார். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள்.

1906இல் லூயிசா காலமானார். மனம் தளர்ந்திருந்த டாயிலின் கைக்கு ஒரு கடிதக் கட்டு வந்தது. அனுப்பியவர் ஜார்ஜ் எடால்ஜி. பம்பாயைச் சேர்ந்த பார்சி ஒருவர் கிறிஸ்துவத்தைத் தழுவி, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷியரில் ஒரு கிராமத்துப் பாதிரியாரானார். அவருடைய மகன் ஜார்ஜ் வழக்கறிஞர். அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாக மொட்டைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1903இல் அவ்வட்டாரத்தில் இரவு நேரங்களில் யாரோ கால்நடைகளின் வயிற்றைக் கிழித்துப் போட்டபோது, பழி ஜார்ஜ் மீது விழுந்தது. ஏழாண்டு கடுங்காவல் தண்டனை. மூன்றாண்டு கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் விடுவித்தார்கள். குற்றவாளி என்ற முத்திரை மட்டும் அப்படியே இருந்தது. வழக்கறிஞர் தொழிலும் போய்விட்டது.

1907 தொடக்கத்தில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் இருவரும் சந்திக்க ஏற்பாடானது. டாயில் தாமதமாக வந்தார். எடால்ஜி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தாளைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றே சாய்த்துப் பிடித்திருந்தார். கண் மருத்துவம் படித்தவருக்கு அது போதும். கடுமையான கிட்டப்பார்வை. இப்படிப்பட்டவர் மழை இரவில், கும்மிருட்டில், வயல்களையும் இரயில் தண்டவாளங்களையும் கடந்து போய் ஒரு குதிரையைத் தாக்கிவிட்டுக் காவலர் கண்ணில் படாமல் திரும்பினாரா? ஒரு நோயாளியைக்கூடக் கொண்டுவராத அந்தக் கண் மருத்துவப் படிப்பு, ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்ற உதவியது. ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழில் டாயில் வழக்கைப் பிரித்து எழுதினார். நாடு கொந்தளித்தது. அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. இழப்பீடு தர மறுத்தது. எடால்ஜி மீண்டும் வழக்கறிஞரானார். மேல்முறையீட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அதே ஆண்டு அமைக்கப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுதல். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜீன் லெக்கியை டாயில் மறுமணம் செய்துகொண்டபோது எடால்ஜி விருந்தினராக வந்திருந்தார்.

டாயில் காலத்தின் குறைகள் அவரிடம் இல்லாமல் இல்லை. இரண்டாவது நாவலில் அந்தமான் தீவுவாசி ஒருவரை அவர் வருணித்த விதம் இன்று படிக்கக் கூசும்.  நம் பக்கத்து சுமத்ராவும் கதைகளில் மர்மத் தீவாகவே வரும்; விளக்கமில்லாமல் ஒரு ராட்சத எலி, 1913 கதையில் ஒரு கொடிய நோய். தொடரில் சுமத்ரா, லண்டனின் கைவிடப்பட்ட நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றின் பெயராகச் சுருங்கிவிட்டது. ஆனால், புதியது என்பதாலேயே எல்லாம் முன்னேறிவிடவில்லை. இரண்டாம் பாகத்தில் வந்த சீனக் கடத்தல் கும்பல், விக்டோரியா காலத்துக் கீழைநாட்டுப் பூச்சாண்டியைப் போலவே இருந்தது; அதற்காகத் தொடர் விமர்சிக்கப்பட்டது. 1891 கதையில் ஐரீன் ஏட்லர் தம் சொந்த அறிவால் ஹோம்ஸை வென்றுவிட்டு, தம் வழியில் போய்விடுவார். 2012இல் அதே ஐரீன் கடைசியில் தோற்று, ஷெர்லாக்கால் காப்பாற்றப்படுகிறார். 121 ஆண்டு பழைய கதை இந்த ஒரு விஷயத்தில் புதிய கதையைவிட முன்னால் நிற்கிறது.

டாயில் இருந்திருந்தால் இந்த நவீனமயமாக்கலை ஏற்றிருப்பாரா? ஓரளவு விடை இருக்கிறது. 1921 முதல் ஈல் நோர்வுட் நடித்த மௌனப் படங்கள் வரிசையாக வந்தன. கதைகளை அப்போதைய லண்டனில் எடுத்திருந்தார்கள். நடிகரை டாயில் மனதாரப் பாராட்டினார். அவருக்கிருந்த ஒரே குறை, விக்டோரியா காலத்து ஹோம்ஸ் கனவிலும் கண்டிராத தொலைபேசியையும் மோட்டார் காரையும் படத்தில் புகுத்திவிட்டார்கள் என்பதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே காலகட்டத்தில் அவர் எழுதிய கதைகளில் பேக்கர் தெரு வீட்டுக்கே தொலைபேசி வந்துவிட்டது. எழுதத் தொடங்கிய நாளில் அவர் பழங்காலக் கதை எழுதவில்லை. தந்தி, இரயில் அட்டவணை, நாளிதழ் விளம்பரம், 1903இல் கைரேகை எனத் தம் காலத்தின் புதிய கருவிகளை எல்லாம் ஹோம்ஸின் கையில் கொடுத்தார். குறுஞ்செய்தி அனுப்பும் ஷெர்லாக், தந்தி அனுப்பிய ஹோம்ஸைவிட அதிக நவீனமானவர் அல்லர்.

முதல் உலகப் போர் டாயிலை உடைத்தது. சோம் போர்க்களத்தில் காயமடைந்த மகன் கிங்ஸ்லி, 1918 அக்டோபரில் சளிக்காய்ச்சலுக்குப் பின் இறந்தார். சில மாதங்களில் தம்பி இன்னஸும் போனார். ஏற்கெனவே ஆவியுலகில் நாட்டம் கொண்டிருந்தவர், இறந்தவர்களோடு பேச முடியும் என்ற நம்பிக்கையைப் பரப்புவதையே எஞ்சிய வாழ்வின் பணியாக்கிக்கொண்டார். காட்டிங்லி கிராமத்துச் சிறுமியர் இருவர் தேவதைகளோடு எடுத்த புகைப்படங்கள் உண்மை என்று 1920இல் எழுதினார். அவை அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்கள் என்பதை, மூதாட்டிகளாகிவிட்ட அவர்கள் 1980களில் ஒப்புக்கொண்டார்கள். மாய வித்தைக்காரர் ஹூடினியோடு இருந்த நட்பும் இந்த நம்பிக்கையால் முறிந்தது. உலகம் அவரைக் கேலி செய்தது. அவர் பின்வாங்கவில்லை, ஊர் ஊராகச் சென்று பேசினார், சொந்தப் பணத்தைக் கொட்டினார். ஆனால், ஹோம்ஸை மட்டும் அந்த நம்பிக்கைக்குள் இழுக்கவில்லை. 1924இல் வெளிவந்த இரத்தக்காட்டேரிக் கதையில்கூட, பேய் பிசாசுகளுக்குத் தம் தொழிலில் இடமில்லை என்று ஹோம்ஸ் மறுத்துவிடுகிறார். அந்தக் கட்டுப்பாடு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

1930 ஜூலை 7ஆம் தேதி, குரோபரோ நகரிலிருந்த தம் வீட்டில் டாயில் காலமானார். முதலில் வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவரை, 1955இல் மின்ஸ்டெட் என்ற கிராமத்துத் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். அவரது கல்லறைக் கல் அவரை நாட்டுப்பற்றாளர், மருத்துவர், எழுத்தாளர் என்று குறிப்பிடுகிறது. ஹோம்ஸின் பெயர் அதில் இல்லை. பேக்கர் தெருவிலோ, 1932 முதல் அந்த முகவரிப் பகுதியில் இயங்கிய ஒரு வீட்டுக்கடன் நிறுவனம், ஷெர்லாக் ஹோம்ஸுக்கு உலகெங்கிலுமிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்கென்றே பல ஆண்டுகள் ஒரு செயலாளரை வைத்திருந்தது.